பையனும்தானே குட்டையாக இருக்கிறான், பிறகு இதில் பாலினப் பாகுபாடு எங்கே வந்தது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். வளரும் நாடுகளில் குழந்தைகள் நலம் கெட்டிருப்பதற்குப் பெண்களின் தாழ்ந்த நிலை ஒரு முக்கியக் காரணம் என்று ஐ.நா. அறிக்கைகள் சொல்கின்றன. ஆனால் இந்தியாவில் ஆண்குழந்தையும் பெண்குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் நோஞ்சானாக இருக்கிறார்கள். பெண்பிள்ளைக்குச் சோறு குறைத்துப் போடும் வீட்டை நீங்கள் பார்த்ததில்லை. அப்படியானால் வறுமைதானே காரணம் என்று கேட்கிறீர்கள். கூடவே, உங்கள் ஊர் மகளிர் குழு மூலம் ஏதாவது செய்ய வேண்டுமானால் எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாலினப் பாகுபாடு என்றதும் அண்ணன் தட்டையும் தங்கை தட்டையும் ஒப்பிடுகிறோம். அந்த ஒப்பீட்டில் பெரிதாக எதுவும் அகப்படாது. ஒப்பிட வேண்டியது அவர்கள் அம்மாவின் தட்டை, அதுவும் அந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முந்தைய வருடங்களில்.

முதலில் அளவுகள். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் இது 25 விழுக்காடு, பீகாரில் 42.9. உயரமில்லை என்பதற்குத் திட்டமான வரையறை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, இரண்டு வயது நிறையும் பெண்குழந்தையின் நடு அளவு 86.4 செ.மீ.; 80 செ.மீ.க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியது என்று கணக்கு. ஆண்குழந்தைக்கு அதே வயதில் நடு அளவு 87.8, கீழ்க்கோடு 81.7. நீங்கள் கவனித்தது சரிதான்: இந்த அளவுகோலில் இந்தியாவில் ஆண்குழந்தைகள் பெண்குழந்தைகளைவிடச் சற்றுக் கூடுதலாகவே பின்தங்குகிறார்கள். பல நாடுகளிலும் அப்படித்தான்.

"நம் ஆட்களே குட்டைதான், இது பரம்பரை" என்ற பேச்சை இங்கேயே ஓரமாக வைத்துவிடலாம். அந்த அட்டவணை ஐரோப்பியக் குழந்தைகளை மட்டும் அளந்து போட்டதன்று. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல வசதியுள்ள, தாய்ப்பால் குடித்த, தாய் புகைபிடிக்காத குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவில் தெற்கு தில்லி. நீளத்தில் காணப்பட்ட மொத்த வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு என்று சொல்லக்கூடிய பங்கு சுமார் 3 விழுக்காடுதான். இரண்டு மூன்று தலைமுறைகளாகத் தொடரும் தாயின் குட்டைமை ஒரே தலைமுறையில் முழுதாக ஈடுகட்டப்படாது என்பது உண்மை. ஆனால் அது மரபணு வேறு என்பதால் வருவதன்று. தாயின் சொந்தக் குழந்தைப்பருவம் அவள் பிள்ளைக்குக் கைமாறுவதால் வருவது.

வறுமை காரணமா என்றால், காரணம்தான். எந்த நாட்டிலும் ஏழை வீட்டுக் குழந்தையே கூடுதலாகக் குன்றுகிறது. ஆனால் வறுமை மட்டும் காரணமென்றால் இந்தியாவைவிட ஏழையான பல ஆப்பிரிக்க நாடுகளில் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும். நெடுங்காலம் அப்படி இருக்கவில்லை. 1996இல் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில் வி. ராமலிங்கசுவாமி, அர்பன் ஜான்சன், ஜான் ரோட் மூவரும் இதற்கு 'ஆசியப் புதிர்' என்று பெயரிட்டார்கள். அவர்கள் சொன்ன விடை, தெற்காசியக் குழந்தை பிறக்கும்போதே எடை குறைவாகப் பிறக்கிறது, அதற்குக் காரணம் தெற்காசியப் பெண்ணின் நிலை என்பது. அப்போது அது பெரும்பாலும் அனுபவத்தில் எழுந்த ஊகம். ஊகத்துக்குப் பின்னால் எண்கள் வந்து சேர இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த எண்களில் மிக உறுதியானது தாயின் எடை. டயான் காஃபி 2015இல் வெளியிட்ட ஆய்வில், 2005-06 கணக்கெடுப்பிலிருந்து, கருவுறுவதற்குச் சற்று முன் இந்தியப் பெண்களில் 42.2 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள் என்று மதிப்பிட்டார். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் 16.5. கர்ப்பகாலத்தில் இந்தியப் பெண் கூட்டும் எடை சராசரியாக 7 கிலோ அளவுதான். 150 செ.மீ. உயரமும் 40 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு உடல் நிறை எண் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது; 18.5க்குக் கீழே எடைக்குறைவு) 17.8 வரும், இப்படி எடை குறைந்தவர் கர்ப்பகாலத்தில் 12.5 கிலோவாவது கூட வேண்டும் என்பது மருத்துவப் பரிந்துரை. ஆக, குறையோடு தொடங்குகிறாள், கூட வேண்டியதில் பாதிதான் கூடுகிறாள். அதன்பின் எடை குறைந்த பெண்களின் எண்ணிக்கை நன்றாகவே இறங்கியிருக்கிறது. 15 முதல் 49 வயது வரை எடுத்தால் 2019-21இல் 18.7 விழுக்காடு. ஆனால் இந்தச் சராசரி ஏமாற்றும். நாற்பது வயதுப் பெண் பருமனாகியிருக்கலாம். பிள்ளை பெறுபவள் இருபத்திரண்டு வயதுக்காரி, எடைக்குறைவு அதிகம் இருப்பது அந்த வயதில்தான்.

அந்த வயதில் ஏன்? இங்கேதான் வீட்டின் அடுக்குமுறை வருகிறது. புதிதாக வந்த மருமகள் வீட்டில் கடைசி ஆள். எல்லோரும் சாப்பிட்டபின் சாப்பிடுகிறாள், மிஞ்சியதைச் சாப்பிடுகிறாள். குழம்பில் காய் தீர்ந்திருக்கும், முட்டை ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போயிருக்கும், சோறும் ரசமும் இருக்கும். யாரும் அவளைப் பட்டினி போடவில்லை என்பதால் இது பாகுபாடாகவே யார் கண்ணிலும் படுவதில்லை, அவள் கண்ணிலும்தான். வயிறு நிரம்புகிறது, புரதமும் இரும்புச்சத்தும்தான் சேரவில்லை. இதைச் சோதிக்க ஒரு கெட்டிக்கார வழியைக் கண்டுபிடித்தார்கள் காஃபி, டீன் ஸ்பியர்ஸ், ரீத்திகா கேரா ஆகியோர். ஒரே கூட்டுக்குடும்பத்தில், ஒரே கூரையின்கீழ் வாழும் மூத்த மருமகளின் பிள்ளைகளையும் இளைய மருமகளின் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். வீட்டுச் செல்வம், தண்ணீர், கழிப்பறை எல்லாம் பொது. வேறுபடுவது அந்த இரண்டு பெண்களுக்கும் வீட்டில் உள்ள மதிப்பு. இளைய மருமகளின் பிள்ளைகள் சராசரியில் குட்டையாக இருந்தார்கள். வறுமையைத் தனியாகக் கழித்துவிட்டுப் பெண்ணின் நிலையை மட்டும் பார்க்க முடிந்த சில ஆய்வுகளில் இது ஒன்று. அதனால்தான் இதை நான் அதிகம் நம்புகிறேன்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருவோம். தாயின் உடம்பில் குறை இருந்தால் அது வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துப் பாயாது. மகன் வேண்டும் என்று தவம் கிடந்து பெற்ற மகனும் 2.3 கிலோவோடுதான் பிறப்பான். இந்தியாவில் பிறந்த எடை பதிவான குழந்தைகளில் சுமார் 18 விழுக்காட்டினர் 2.5 கிலோவுக்குக் கீழே. மருமகளுக்குச் செய்த அநியாயம் பேரனின் உயரத்தில் வந்து நிற்கிறது. ஆணும் பெண்ணும் சமமாகக் குன்றியிருப்பது பாகுபாடு இல்லை என்பதற்குச் சான்றாகாது; பாகுபாடு ஒரு தலைமுறை முன்னாலேயே நடந்துவிட்டது என்பதைத்தான் அது காட்டுகிறது.

பெண்குழந்தையை நேரடியாகத் தாக்கும் வழிகள் இல்லாமலில்லை. பிறப்பதற்கு முன்பே கழித்துக்கட்டுவது முதலாவது: 2019-21 கணக்கில், முந்தைய ஐந்தாண்டுகளில் பிறந்த 1000 ஆண்குழந்தைகளுக்கு 929 பெண்குழந்தைகள், இயற்கை விகிதம் சுமார் 950. இரண்டாவது, உயிர்பிழைப்பு. உடல்கூறுப்படி பச்சிளம் ஆண்குழந்தையே பலவீனமானது. அதனால் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஐந்து வயதுக்குள் ஆண்களே அதிகம் இறக்கிறார்கள். இந்தியாவில் நெடுங்காலம் பெண்கள் அதிகம் இறந்தார்கள். அண்மைக் காலத்தில்தான் இரண்டும் ஏறக்குறைய சமமாகியிருக்கின்றன. சமம் என்பதுகூட இங்கே பெண்ணுக்குப் பாதகமே, இயற்கை தந்த அனுகூலம் பறிபோயிருக்கிறது. மூன்றாவது யாரும் எதிர்பாராதது. சீமா ஜெயச்சந்திரனும் இலியானா குசியெம்கோவும் 2011இல் காட்டியது: இந்தியாவில் பெண்குழந்தைக்குச் சீக்கிரம் பால் மறக்கடிக்கிறார்கள். வெறுப்பினால் இல்லை. பால் கொடுக்கும்வரை அடுத்த கரு தள்ளிப்போகும். மகனுக்காக அடுத்த கரு வேண்டும் என்பதால் நிறுத்துகிறார்கள். அசுத்தத் தண்ணீர் உள்ள ஊரில் பால் முன்னதாக நின்றால் வயிற்றுப்போக்கு முன்னதாக வரும்.

தாயின் உடம்புக்கு அடுத்தது தாயின் நேரம். இதைப்பற்றி அறிக்கைகளில் ஒரு வரிதான் இருக்கும், ஆனால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை குழந்தையின் வளர்ச்சி இதில்தான் தொங்குகிறது. ஆறு மாதக் குழந்தையின் இரைப்பையில் ஒரு தடவைக்குச் சுமார் 200 மி.லி.தான் கொள்ளும். அதனால் நீர்க்கக் கரைத்த கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் மசித்த உணவு வேண்டும். ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளுக்கு 2-3 தடவை, ஒன்பதாம் மாதத்திலிருந்து 3-4 தடவையும் இடையில் ஓரிரு தின்பண்டமும். ஒரு தடவை ஊட்ட அரைமணி நேரம் ஆகும், துப்பும், அழும், மறுபடி கொடுக்க வேண்டும். கூட்டிப்பார்த்தால் நாளுக்கு இரண்டு மணி நேரம். இந்தியாவில் 6-23 மாதக் குழந்தைகளில் நூற்றுக்குப் பதினொருவருக்குத்தான் குறைந்தபட்சத் தரமான உணவு கிடைக்கிறது. இதைத் தாயின் அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்வதாகச் சொன்ன பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், செய்வதாகச் சொன்ன ஆண்கள் 97 நிமிடம். அந்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான், பெண்கள் 81. களையெடுப்புக்குப் போகும் தாய் காலையில் ஒரு தடவை ஊட்டிவிட்டு, மூன்று வயது மூத்த பெண்பிள்ளையிடம் குழந்தையையும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் விட்டுப் போகிறாள் என்றால், அவளுக்கு ஊட்டச்சத்து வகுப்பு எடுத்து என்ன ஆகப்போகிறது?

மூன்றாவது வழி பணம் யார் கையில் என்பது. டங்கன் தாமஸ் 1990இல் பிரேசில் தரவை வைத்து, உழைக்காமல் வரும் வருமானம் தாயின் கையில் இருந்தால் குழந்தை பிழைக்கும் வாய்ப்பில் ஏற்படும் விளைவு தந்தையின் கையில் இருப்பதைப்போல ஏறக்குறைய இருபது மடங்கு என்று எழுதினார். எஸ்தர் டூஃப்லோ தென்னாப்பிரிக்க முதியோர் ஓய்வூதியத்தை ஆராய்ந்தார்: பாட்டிக்கு வந்த ஓய்வூதியம் வீட்டிலிருந்த பேத்திகளின் எடையையும் உயரத்தையும் கூட்டியது, தாத்தாவுக்கு வந்தது எதையும் மாற்றவில்லை. மெக்சிகோ 1997இல் தொடங்கிய திட்டம் தாயின் பெயரில் பணம் கொடுத்ததும், 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வந்ததும் இந்தச் சிந்தனை வழியில்தான். ஆனால் பெண் கையில் கொடுத்தால் எல்லாம் தானே நடந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மொராக்கோவில் பள்ளிக்கான உதவித்தொகையைச் சில ஊர்களில் தாய்க்கும் சில ஊர்களில் தந்தைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள்; குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஹைதராபாத்தில் நடந்த சிறுகடன் ஆய்வில் பெண்ணின் அதிகாரத்திலோ பிள்ளைகளின் படிப்பிலோ மாற்றம் தெரியவில்லை. பெயர் யாருடையது என்பதைவிட அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்பவர் யார் என்பதே பொருட்டு. ஏ.டி.எம். அட்டை கணவரின் சட்டைப்பையில் இருந்தால் கணக்கு யார் பெயரில் இருந்தும் பயனில்லை.

இதுவரை சொன்ன தாயின் எடை, ஊட்டும் நேரம், இவற்றோடு சேரும் இரத்தசோகை, இளவயதுக் கர்ப்பம் ஆகியவை குழந்தையைப் பாதிக்கும் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு பாதிக்கும் என்பதில்தான் சண்டை. லிசா ஸ்மித், லாரன்ஸ் ஹாடாட் உள்ளிட்டோர் 2003இல் 36 நாடுகளின் தரவைக் கொண்டு, தெற்காசியாவில் ஆணும் பெண்ணும் சமநிலை அடைந்தால் மூன்று வயதுக்குட்பட்டவர்களின் எடைக்குறைவு 13 விழுக்காட்டுப் புள்ளி குறையும், அதாவது 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் தப்பிப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். யுனிசெஃப் 2007 அறிக்கையில் இது இடம்பிடித்தது, அதிலிருந்து எல்லா மேடைகளிலும் ஒலிக்கிறது. அவர்கள் 'நிலை' என்று அளந்தது நான்கு விஷயங்களை: கூலிக்கு வேலை செய்கிறாளா, எந்த வயதில் மணமானது, கணவனோடு வயது வேறுபாடு, படிப்பு வேறுபாடு. இவை நல்ல குறிகள்தான். ஆனால் பெண்ணைப் படிக்கவைத்து இருபத்திரண்டில் மணமுடிக்கும் குடும்பம் வேறு பல வகைகளிலும் வேறுபட்டிருக்கும். ஆகவே அந்த 13ஐத் திசைகாட்டும் எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள், அளவுகோலாக வேண்டாம்.

கோட்பாட்டுக்கு அடங்காத இடங்களையும் சொல்லியாக வேண்டும். மேகாலயாவில் காசி, காரோ மக்களிடையே தாய்வழி மரபு. காசி வீட்டில் குடும்பச் சொத்து கடைசி மகளுக்குப் போகும். இந்தியாவில் குழந்தை வளர்ச்சிக் குறை மிக அதிகமான மாநிலம் அதுதான், 46.5 விழுக்காடு. வங்கதேசத்தில் 2004இல் 51 விழுக்காடாக இருந்த வளர்ச்சிக் குறை 2022இல் 24க்கு வந்தது. அதே நாட்டில் இன்றும் ஏறக்குறைய பாதிப் பெண்களுக்குப் பதினெட்டு வயதுக்குள் திருமணம் நடக்கிறது. இலங்கையில் பெண்கல்வி நெடுங்காலமாக உயர்ந்தது, 2016இல் வளர்ச்சிக் குறை 17.3 விழுக்காடுதான், ஆனால் உடல் மெலிவு (உயரத்துக்கேற்ற எடை இல்லாமை) 15.1, இது உலக அளவில் மிக அதிகம். மேகாலயாவை நான் இப்படிப் படிக்கிறேன்: சொத்து பெண்ணின் பெயரில் இருந்தாலும் அதை ஆளுவதில் தாய்மாமன் குரலே ஓங்கியிருக்கலாம், பிள்ளைகளுக்கிடையே இடைவெளி குறைவு, பெண்ணுக்குச் சராசரி 2.9 குழந்தைகள், மலைக்கிராமங்களுக்குச் செவிலியர் எட்டுவது கடினம். வங்கதேசத்தில் மண வயது பெரிதாக மாறாமலே பெண்படிப்பும் குடும்பக் கட்டுப்பாடும் வீட்டுவாசல் சுகாதாரப் பணியாளரும் ஒன்றாக வந்தார்கள். ஒரே ஒரு உரிமையை மட்டும் பிடித்துக்கொண்டு விளக்கப் பார்த்தால் எந்த நாடும் பிடிபடாது.

போட்டி விளக்கங்களும் உண்டு. திறந்தவெளியில் மலம் கழிப்பதால் குடல் கெட்டு வளர்ச்சி குன்றுகிறது என்பதை டீன் ஸ்பியர்ஸ் வலுவாக வாதாடினார். ஆனால் வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் கழிப்பறையும் கைகழுவும் வசதியும் கொடுத்துச் செய்த பெரிய சோதனைகளில் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. கூடுதல் உணவு கொடுத்த பிரிவில் மட்டும் கொஞ்சம் கூடியது. ஊரே மாறினால்தான் பலன் தெரியும் என்பது பதில் வாதம், அது இன்னும் முடியவில்லை. இன்னொன்று பிறப்பு வரிசை. ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017இல், இந்தியத் தலைமகன் ஆப்பிரிக்கத் தலைமகனைவிடக் குட்டை இல்லை, அடுத்தடுத்த பிள்ளைகளில்தான் குறை பெருகுகிறது, மகன் ஆசையே காரணம் என்றார்கள். கணக்கெடுப்பில் எந்தெந்தப் பிள்ளைகள் அளக்கப்படுகிறார்கள் என்பதைச் சரிசெய்தால் அந்த முடிவு நிற்காது என்று மறுப்பு வந்திருக்கிறது. மறுப்பில் சாரம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது, ஆகவே தலைமகன் கதையை நான் மேற்கோள் காட்டுவதில்லை.

இனி உங்கள் குழு. கையெழுத்து இயக்கம், பேரணி, பெண்குழந்தை நாள் கோலப்போட்டி எல்லாம் நடக்கட்டும், குழந்தையின் எடை அதனால் கூடாது. ஊரில் இந்த வருடம் மணமான பெண்களின் பட்டியலில் தொடங்குங்கள். கர்ப்பம் தரித்தபின் பிடிப்பது தாமதம். மசக்கையில் முதல் மூன்று மாதம் போய்விடும், பதிவு செய்ய நான்காம் மாதம் ஆகிவிடும். உயரத்தையும் எடையையும் எடுங்கள். உடல் நிறை எண் 18.5க்குக் கீழே இருப்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள். எடைக்கருவி கிடைக்காவிட்டால் மேற்கைச் சுற்றளவு 23 செ.மீ.க்குக் குறைவா என்று நாடாவால் பாருங்கள். கர்ப்பமானபின் நான்காம் மாதத்திலிருந்து மாதம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ கூட வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு கிலோகூடக் கூடவில்லை என்றால் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம், உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

கூடுதலாக எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை 'இரண்டு பேருக்குச் சாப்பிடு' என்று சொல்லிக் குழப்ப வேண்டாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை கர்ப்பிணிக்கு நாளுக்கு 350 கலோரி கூடுதல். ஒரு முட்டை, ஒரு கைப்பிடி (30 கிராம்) நிலக்கடலை, ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான், பெரிய செலவில்லை. கடைசி மூன்று மாதத்தில் புரதம் மட்டும் நாளுக்கு 22 கிராம் கூடுதலாகத் தேவை, அதற்கு ஒரு கிண்ணம் பருப்போ சுண்டலோ ஒரு தம்ளர் பாலோ சேர்க்க வேண்டும். பிரசவத்துக்குப்பின் முதல் ஆறு மாதம் 600 கலோரி கூடுதல் வேண்டும். நம் வீடுகளில் அப்போதுதான் பத்தியம் என்று காயும் முட்டையும் நிறுத்தப்படுகின்றன. பூண்டுக்குழம்பில் குற்றமில்லை, அதோடு மற்றவற்றை விலக்குவதில்தான் குற்றம்.

சத்துமாவு விஷயத்தில் எது தவறுகிறது என்பதைச் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடி வழியாக நாளுக்கு 600 கலோரி, 18-20 கிராம் புரதம் தர வேண்டும். மாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போனதும் அது வீட்டுச் சொத்தாகிவிடுகிறது. உருண்டை பிடித்தால் ஐந்து பேர் பங்கு, அவளுக்கு ஒன்று. தட்டு வரிசை மாறாத வீட்டுக்குள் அனுப்பும் எந்த உணவும் அந்த வரிசைப்படிதான் பிரியும். இதனால்தான் தெலங்கானா 2015இல் ஆரோக்கிய லட்சுமி என்று கர்ப்பிணியை அங்கன்வாடிக்கே வரவழைத்து, சுடுசோறு, முட்டை, 200 மி.லி. பால் கொடுத்து, இரும்புச்சத்து மாத்திரையையும் அங்கேயே விழுங்க வைத்தது. கர்நாடகமும் 2017இல் இதைத் தொடங்கியது. அதிலும் இடறல் உண்டு: கூலிக்குப் போகிறவளால் நண்பகலில் வர முடியாது, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் பட்டியலில் இருக்க மாட்டாள், எட்டாம் மாதத்தில் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க மாட்டாள். உங்கள் குழு செய்யக்கூடியது, ஒரு தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் மாலை ஐந்து மணிக்குக் கர்ப்பிணிகளும் இளம் தாய்மாரும் கூடி மாவைக் கிண்டி அங்கேயே சாப்பிடுவது. மாமியார்களையும் அழையுங்கள். மாமியாரை எதிரியாக வைத்துச் செய்த திட்டம் எதுவும் அடுப்படி தாண்டிப் போகாது. அவரும் ஒரு காலத்தில் கடைசியில் சாப்பிட்டவர்தான்.

இரும்புச்சத்து மாத்திரையில் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை, 7க்குக் கீழே கடுமையானது, அது மருத்துவமனைக் கேஸ். சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள், பிரசவத்துக்குப்பின் இன்னொரு 180 நாள். நாடு முழுக்க 180 நாள் சாப்பிட்டதாகச் சொன்ன தாய்மார் நூற்றுக்கு 26 பேர்தான். நிறுத்தக் காரணங்கள் தெரிந்தவை: குமட்டல், மலம் கறுப்பது, மலச்சிக்கல், பிள்ளை கறுத்துவிடும் அல்லது பெரிதாகிச் சிசேரியன் ஆகும் என்ற பேச்சு. மலம் கறுப்பது இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். குமட்டினால் இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கப்போகும் முன் சாப்பிடலாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். டீ, காபி, பாலுக்கு அடுத்து விழுங்கினால் பாதி வீண். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருப்பார்கள், இரண்டையும் சேர்த்து விழுங்குவதுதான் நாம் அதிகம் காணும் தவறு. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். லேசான, நடுத்தர இரத்தசோகைக்கு நாளுக்கு இரண்டு மாத்திரை தருவார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால், பி12 குறை, குடற்புழு, தலசீமியா தன்மை என்று வேறு காரணம் தேட வேண்டும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்புங்கள்.

குழந்தை பிறந்தபின், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேற்கை நாடாவில் 12.5 செ.மீ.க்குக் கீழே மெலிவு, 11.5க்குக் கீழே கடும் மெலிவு. கடும் மெலிவுக் குழந்தைக்குப் பசியின்மையோ காய்ச்சலோ கால் வீக்கமோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை, வீட்டு வைத்தியம் கூடாது. உயரம் குன்றியது நாடாவில் தெரியாது. அதற்கு இரண்டு வயது வரை படுக்கவைத்து அளக்கும் பலகையும், தலையைப் பிடிக்க ஒருவர், முழங்காலைப் பிடிக்க ஒருவர் என இரண்டு பேரும் வேண்டும். தனி ஒருத்தர் அளந்தால் இரண்டு செ.மீ. சாதாரணமாகப் பிசகும், அந்தப் பிசகில் நல்ல குழந்தை குன்றியதாகவும் குன்றியது நல்லதாகவும் மாறிவிடும். பலகை அங்கன்வாடியில் இருக்கும், ஆள்தான் குறைவு. மாதத்தில் ஒரு நாள் அளக்கும் தேதியில் உங்கள் குழுவிலிருந்து ஒருவர் போய் முழங்காலைப் பிடித்தாலே பெரிய உதவி. அதே நாளில் குழந்தையைத் தூக்கி வரும் தகப்பன்மாரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள்: நேற்று ராத்திரி இவன் அம்மா என்ன சாப்பிட்டாள்? முதல் மாதம் பலருக்குப் பதில் தெரியாது. அடுத்த மாதமும் கேட்பீர்கள் என்று தெரிந்தால் பார்த்து வைத்துக்கொண்டு வருவார்கள்.